அண்ணாச்சி, வீட்டைக் காலி பண்ணிக்கிறலாம்னு இருக்கோம்

ஆனி மாதம் பாதி தாண்டிவிட்டால் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வரும். அதுவரை மாசம் பிறந்தால் வாடகையைக் கொடுத்துக்கொண்டு, வாசலில் பார்த்தால் சிரித்துக்கொண்டு இருந்தவர், ஒருநாள் சாயங்காலம் வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார் என்றால் விஷயம் அதுதான். "அண்ணாச்சி, இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிக்கிறலாம்னு இருக்கோம்." அவர் படி இறங்கியதும் நாம் முதலில் பார்ப்பது காலண்டரை. ஆடி பிறந்துவிட்டால் கோவில்பட்டியில் எந்தக் குடும்பமும் புதுவீட்டில் பால் காய்ச்ச வராது. ஆவணியில் ஆள் கிடைத்தால் சரி. தவறினால் புரட்டாசி, ஐப்பசி மழை என்று அது தள்ளிக்கொண்டே போகும்.

இந்தக் கணக்கு ஓடுகிற நேரத்தில்தான் வாயில் தப்பான வார்த்தை வரும். "பதினோரு மாசம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீகளே, மீதி அஞ்சு மாச வாடகையை யார் தருவா?" என்று கேட்டுவிடுவோம். அன்றோடு பேச்சு முறியும். அடுத்த மாச வாடகை வராது, "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று பதில் வரும். எங்கள் தெருவில் மட்டும் இப்படி முறுக்கிக்கொண்ட கதைகள் நிறைய. ஒன்றில்கூட வீட்டுக்காரர் அந்த அஞ்சு மாச வாடகையை வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

அதனால் வீட்டுக்காரர் பக்கம் நின்று சில விஷயங்களை எழுதலாம் என்று தோன்றியது. நானும் இரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறவன்தான்.

நம்ம ஊரில் ஆட்கள் பாதியில் கிளம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் வீடு இல்லை. பேங்க், ரயில்வே, வாத்தியார் வேலை என்றால் மாறுதல். கயத்தாறு பக்கம் காற்றாலை, எட்டயபுரம் விளாத்திகுளம் பக்கம் சோலார் என்று வரும் கம்பெனிக்காரர்கள் வேலை முடிந்த மறுநாள் லாரியில் சாமானை ஏற்றிவிடுவார்கள். தீப்பெட்டி ஆர்டர் குறைந்தால் மேனேஜர் வீடு காலியாகும். இன்னொரு காரணத்தை வெளியே சொல்லமாட்டார்கள்: தண்ணீர். சீவலப்பேரியிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, தொட்டி எவ்வளவு பெரிது, போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வந்த பிறகுதான் தெரியும். குடத்தை எண்ணி எண்ணிப் பிடிக்கிற வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு ஒரு கோடையைத் தாண்டுவது பாடு. ஆகவே காரணம் என்ன என்று பொறுமையாகக் கேளுங்கள். தண்ணீர்தான் என்றால் தொட்டியைப் பெரிதாக்கிக் கொடுத்தே ஆளை நிறுத்திவிடலாம், வீடு காலியாகக் கிடப்பதைவிட அது மலிவு. மாறுதல் என்றால் யாரும் ஒன்றும் செய்யமுடியாது.

கேட்ட பிறகு அடுத்த வேலை, "சரி, அதையே ரெண்டு வரி எழுதி வாட்ஸப்ல அனுப்பிருங்க" என்று சொல்வது. என்ன தேதியில் காலி செய்கிறார்கள் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் புது ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பழைய ஆள் "இன்னும் ஒரு மாசம் ஆகும் போல அண்ணாச்சி" என்று சொன்னால் இரண்டு பக்கமும் கெட்ட பெயர் நமக்குத்தான்.

சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் என்று நீளமான பெயர். முன்கூட்டிக் காலி செய்வதைப் பற்றி அது சொல்வது சின்ன விஷயம்தான்: அக்ரிமெண்டில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறதோ அதன்படி கொடுக்கவேண்டும், அப்படி ஒன்றும் எழுதவில்லை என்றால் குறைந்தது ஒரு மாதம். அதாவது நம் வாடகைப் பத்திரம் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய நாலு வரி மட்டும் என்றால், ஒரு மாசம் முன்னால் சொல்லிவிட்டவர் தன் கடமையை முடித்துவிட்டார்.

அந்தப் பதினோரு மாசத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்று 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்வதால், அந்தப் பதிவுச் செலவைத் தவிர்க்க வந்த வழக்கம் அது. ஆளை அத்தனை மாசம் கட்டிப்போட வந்தது கிடையாது. புதுச் சட்டத்தில் எத்தனை மாசம் ஆனாலும் அக்ரிமெண்டை வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதியாத தாளை நாளைக்கு ஆதாரம் என்று நீட்டினால் எடுபடாது. நம்ம பக்கம் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதைச் செய்வதில்லை, வருமானம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். பயம் சரியோ தப்போ, அந்தத் தாளை வைத்துக்கொண்டு மீதி மாச வாடகை கேட்டுச் சண்டை போடமுடியாது என்பது மட்டும் நிச்சயம்.

ஒழுங்காகப் பதிந்து, "ஆறு மாசத்துக்குள் போனால் இரண்டு மாச வாடகை தரவேண்டும்" என்று எழுதியிருந்தாலும் அந்தத் தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது. ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவு, எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்றுதான் பார்க்கச் சொல்கிறது. ஃபதே சந்த் வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் ஆனி முப்பதாம் தேதி போய், ஆவணி முதல் தேதி புது ஆள் வந்துவிட்டால் நம் நஷ்டம் ஒரு மாச வாடகை, புரோக்கர் கமிஷன், அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, ஆளே தேடாமல், ஆறு மாச வாடகை கேட்டால் கேட்கிறவர் சிரிப்பார்.

ஆக, வீட்டுக்காரர் மல்லுக்கட்ட வேண்டியது காலி நாட்களோடுதான். முன்னறிவிப்பு கைக்கு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். கிளம்புகிறவரிடமே சொல்லலாம்: "உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க, எனக்குப் பிடிச்சிருந்தா நீங்க போற அன்னைக்கே உங்க அட்வான்ஸ் ரெடி." இதைவிட வேகமாக வேலை செய்யும் புரோக்கர் கிடையாது. அதே ஆபீசில் மாறுதலாகி வருகிறவர் ஒருத்தர் இருப்பார், அவருக்கும் வீடு வேண்டும்.

ஆடி விஷயத்திலும் ஒரு வழி உண்டு. உள்ளூர்க் குடும்பங்கள்தான் ஆடி பார்க்கும். வேறு தெருவுக்கு மாறுகிறவர்கள் என்றால் அவர்களே ஆவணி வரை நம் வீட்டில் இருந்துவிட்டுத்தான் போவார்கள், அவர்களுக்கும் அதே ஆடிதானே. காற்றாலைக் கம்பெனிப் பையன்கள், இன்ஜினியரிங் காலேஜ் மாணவர்கள், வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இவர்கள் யாருக்கும் ஆடி கிடையாது. காலேஜ் திறக்கிறதும் அந்த வாக்கில்தான். "பேச்சலருக்கு விடமாட்டோம்" என்று போர்டிலேயே எழுதி வைத்திருப்பவர்கள் ஆடியில் மட்டும் அந்த வரியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி சண்டை உண்மையில் பிறக்கும் இடத்துக்கு வருகிறேன்: காலி செய்கிற அன்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. கரிசல் காட்டில் இது மற்ற ஊர்களைப் போல இல்லை.

நம் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சித்திரை வைகாசியில் காட்டில் காலை வைத்தால் பாதம் இறங்குகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. ஐப்பசி மழையில் அது தண்ணீரைக் குடித்து வீங்கும்போது அஸ்திவாரத்தை மேலே தூக்குகிறது, கோடையில் விட்டுவிடுகிறது. இதைத் தாங்குவதற்கென்றே அடியில் குமிழ் போல அகன்ற அண்டர் ரீம்டு பைல் என்று ஒரு அஸ்திவார முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்தது. நம் தெருவில் அதைப் போட்டுக் கட்டிய வீடு எத்தனை? மூன்றடி தோண்டி, கொஞ்சம் மணலை நிரப்பிக் கட்டியதுதான் அதிகம். விளைவு, ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு, கதவு மழைக்காலத்தில் சாத்த முடியாமல் இறுகுவது, தரையில் டைல்ஸ் தட்டினால் 'டொக்' என்று கேட்பது.

ஒரு தடவை எங்கள் பின் போர்ஷனைக் காலி செய்த காற்றாலைக் கம்பெனித் தம்பியோடு நான் சுற்றிப் பார்த்ததைச் சொல்கிறேன். சமையலறை ஜன்னலுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். பக்கத்தில் நின்ற எங்கள் கொத்தனார், "தம்பி ஆணி அடிச்சதுல சுவரு வாயைப் பிளந்திருச்சு" என்றார், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. அந்தத் தம்பி ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக் குடிவந்த அன்று எடுத்த வீடியோவைக் காட்டினான். அதில் அதே இடத்தில் முடி போல ஒரு கோடு, அதன் நுனியில் பென்சிலில் தேதி போட்டு ஒரு குறி. அந்தக் குறியைப் போட்டது நான்தான். கோடு குறியைத் தாண்டி நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. ஆணி அடித்த இடம் அதற்கு இரண்டடி தள்ளி. கொத்தனார் பீடியைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பழைய கொத்தனார்கள் செய்கிற வேலைதான் அது, வெடிப்பின் நுனியில் தேதி போடுவது. ஒருத்தர் குடிவரும் அன்று எல்லா வெடிப்புக்கும் இப்படிக் குறி போட்டு, இரண்டு பேரும் நின்று வீடியோ எடுத்துவிட்டால் போகிற அன்று பாதிச் சண்டை இல்லை. கோடையில் வந்தவர் மழையில் போனால் வெடிப்பு மூடிக்கூட இருக்கும்.

புதுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்கவேண்டும் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரர் பாடு, குடியிருப்பவர் உடைத்தால் தவிர. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது இரண்டுமே வீட்டுக்காரர் பட்டியலில்தான் இருக்கிறது. குழாய் வாசர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், வாஷ்பேசின், ஜன்னல் கண்ணாடி, பூட்டு, தாழ்ப்பாள் குடியிருப்பவர் பட்டியலில். நம்ம ஊர் வழக்கம் தெரியுமே, போகிற ஆளிடம் "வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை" என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது. அக்ரிமெண்டில் எழுதியிருந்தால் ஒரு பேச்சு. எழுதாமல் அதைக் கழிப்பது அடாவடி. அஞ்சு வருஷம் குடியிருந்தவர் வீட்டுச் சுவர் அழுக்காகத்தான் இருக்கும், நாம் குடியிருந்தாலும் ஆகும்.

உப்புத் தண்ணீரில் குழாய் அடைத்துப் போவதையும் நான் கழிக்கமாட்டேன். அந்த உப்பு நம் போரிலிருந்து வந்தது.

அட்வான்ஸ். இங்கேதான் என் கட்சியை உடைத்துச் சொல்லவேண்டும். வாங்கிய அன்றே அது நம் பணம் இல்லை என்று ஒதுக்கி வைக்கிற வீட்டுக்காரர் அபூர்வம். மாடிக்குக் கம்பி வாங்கினோம், மகன் காலேஜ் பீஸ் கட்டினோம். ஆள் போகிறேன் என்றதும் வருகிற கோபத்தில் பாதி, கையில் அந்தப் பணம் இல்லை என்பதால் வருகிற கோபம். சட்டப்படி மூன்று மாச வாடகைதான் அட்வான்ஸ், இரண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்கவேண்டியதைக் கழித்து, மீதியைத் தரவேண்டும். "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தாத்தான் உங்களுக்குத் தருவேன்" என்பது சட்டத்தில் இல்லை, ஊர் பேச்சில்தான் உண்டு.

கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். 7,000 ரூபாய் வாடகை, 35,000 அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கடைசி மாசம் பத்து நாள் கூட இருந்ததற்கு 2,333, உடைந்த ஜன்னல் கண்ணாடி பில்லோடு 450, கரண்ட் இவ்வளவு, மீதி இவ்வளவு. கரண்ட் கணக்கு இரண்டு மாசத்துக்கு ஒருமுறை என்பதால் பாதியில் போகிறவரிடம் தகராறு வரும். மீட்டரை அன்று போட்டோ எடுத்து, ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போடலாம். ஆனால் இரண்டு மாச ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடும், அந்தக் கூடுதலைப் போனவர் தலையில் முழுக்கக் கட்டக்கூடாது. பணத்தை பேங்க் மூலமாகவே அனுப்புங்கள். டெபாசிட் பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையும் திருப்பிக் கொடுப்பதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

ஒத்திக்கு விட்டவர்கள் பாடு தனி. மாச வாடகை கிடையாது, மூன்று வருஷத்துக்கு அஞ்சு லட்சம் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்திருப்போம். அந்த அஞ்சு லட்சம் வாங்கிய வாரமே மகள் கல்யாணத்துக்கோ, பழைய கடனுக்கோ போயிருக்கும். ஒன்றரை வருஷத்தில் ஒத்திக்காரர் வந்து, "அண்ணாச்சி, சொந்தமா இடம் முடிச்சிருக்கோம், பணம் வேணும்" என்பார். கெடு முடியாமல் தரவேண்டியதில்லை என்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் அவர் அதற்காகச் சும்மா இருக்கமாட்டார், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விடுவார். பணத்தை வைத்தால்தான் சாவி. வீடு நமக்கும் இல்லை, அவருக்கும் இல்லை என்று தூசி படிந்து நிற்கும் ஒத்தி வீடுகளை இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு மூன்று வழி நடக்கிறது. வேறொரு ஒத்திக்காரரைப் பிடித்து, அவர் பணத்தை நேராகப் பழையவருக்குக் கைமாற்றிவிடுவது ஒன்று. கெடு முடியாமல் போவதால் பத்திரச் செலவையும் புரோக்கர் செலவையும் போகிறவர் ஏற்கவேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். இரண்டாவது, பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மீதிக்குத் தேதி போட்டு எழுதிக்கொடுத்து, வீட்டை வாங்கி மாச வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பது. மூன்றாவது, பூட்டை நாமே உடைப்பது. அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஒரு பீரோ இருந்தது, அதில் நகை இருந்தது என்று புகார் வந்தால் அஞ்சு லட்சம் சின்ன விஷயமாகிவிடும். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியவர்களுக்கு இந்த மூன்றிலும் சிக்கல் இரட்டிப்பு.

வாடகைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுப் போனாலும் இதே பேச்சுத்தான். பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், கிடைத்த எண்களுக்கெல்லாம் ஒரு செய்தி, பிறகு வாடகை அதிகாரி. கோபத்தில் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது சட்டப்படி தப்பு, ஆள் உள்ளே இருந்துகொண்டு வாடகை தராவிட்டாலும்.

கடைக்கும் குடோனுக்கும் வந்தால் கொஞ்சம் வேறு. உற்பத்தி வேலைக்கு விட்ட இடம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில், சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவு ஆறு மாச முன்னறிவிப்பு கேட்கிறது. மற்ற இடத்துக்குப் பதினைந்து நாள். தீப்பெட்டிக்கோ கடலைமிட்டாய்க்கோ இடத்தை விட்டவர்கள் இதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு எழுதுவது நல்லது. போகிறவர் ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் நம் முகவரியை மாற்றிவிட்டாரா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள், அடுத்து வருகிறவர் அதே முகவரியில் பதியும்போது அலைவார். (நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு ஆள் பாதியில் போகிற கவலையே இல்லை. மானாவாரியில் புரட்டாசியில் உளுந்தும் கம்பும் விதைத்தவன் அறுக்காமல் எங்கே போவான்?)

நான் இப்போது எழுதுகிற அக்ரிமெண்டில் சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன். முதல் ஆறு மாசத்துக்குள் போனால் ஒரு மாச வாடகை, அதுவும் அந்த மாசத்துக்குள் புது ஆள் வந்துவிட்டால் வந்த நாளிலிருந்து உள்ளதைக் கழித்து. ஆறு மாசத்துக்குப் பிறகு ஒரு மாச முன்னறிவிப்பு போதும். ஆனி பத்தாம் தேதிக்கு மேல் சொன்னால் மட்டும் ஆடியில் பாதி வாடகை. வேலை மாறுதல் உத்தரவைக் காட்டினால் இதில் எதுவும் கிடையாது. வெள்ளையடிப்பது என் செலவு. கரிசல் மண்ணால் வரும் வெடிப்பு என் பொறுப்பு. அட்வான்ஸைச் சாவி வாங்கிய ஏழு நாளில் கணக்குத் தாளோடு தருவேன்.

டைப் அடித்துக் கொடுக்கிற கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, எல்லாரும் ஒரு பக்கத்துலதான முடிக்காக, நீங்க மூணு பக்கம் கொண்டு வந்திருக்கீக?" என்றார். கூடுதல் பக்கத்துக்கு ஐம்பது ரூபாய் சேர்த்து வாங்கிக்கொண்டார்.